ஆஸ்கர்ஸ்போர்க், 9 ஏப்ரல் 1940: ஒரு தீவுப் பீரங்கித் தளத்தின் நிகழ்வு ஆய்வு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயின் மேல் படையெடுத்த 1940 ஏப்ரல் 9 அதிகாலை 4.21 மணிக்கு, ஓஸ்லோ ஃபியோர்டின் நடுவே உள்ள ஒரு சிறு தீவிலிருந்து 28 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்று சுட்டது. சற்றைக்கெல்லாம் அதன் பக்கத்துப் பீரங்கியும் சுட்டது. அந்தத் தீவின் பெரும் பீரங்கிகள் அன்று சுட்டது அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து, 6.22 மணிக்கு, ஜெர்மானியக் கடற்படையின் புத்தம்புதிய கனரக க்ரூசர் கப்பலான ப்ளூஷர் கவிழ்ந்து மூழ்கியது. கிழட்டுப் பீரங்கி புதுக் கப்பலைக் கவிழ்த்த கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது. கதைக்கு அது பொருத்தம்தான், ஆய்வுக்குப் போதாது. பீரங்கிகள் கப்பலைத் தீக்கிரையாக்கின. அதன் அடிவயிற்றைக் கிழித்தவை, பக்கத்துத் தீவின் பாறைக்குள் மறைந்திருந்த டார்பிடோக்கள், அதாவது நீருக்கடியில் ஓடிச்சென்று கப்பலில் மோதி வெடிக்கும் குண்டுகள். அந்தக் கப்பலை இவ்விரண்டுக்கும் எதிரே வந்தாக வேண்டிய நிலைக்குத் தள்ளியது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கட்டப்பட்ட ஒரு கற்சுவர். இவை எல்லாம் இருந்தும், சுடுவதா வேண்டாமா என்பதை மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இடமும் கடலடிச் சுவரும்

நிலத்துக்குள் வெகுதூரம் நீண்டு செல்லும் ஆழமான கடல்கழியை நார்வே மக்கள் ஃபியோர்ட் என்கிறார்கள். தலைநகர் ஓஸ்லோ அத்தகைய ஒரு கழியின் வடகோடியில் அமைந்திருக்கிறது. நகரத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே, ட்ரோபாக் என்ற சிற்றூருக்கு அருகில், கழி திடீரென்று குறுகுகிறது. அந்தக் குறுகலில்தான் தெற்குக் காஹோல்மன், வடக்குக் காஹோல்மன் என்ற இரு சிறு தீவுகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெற்குத் தீவில் கட்டப்பட்ட கோட்டைக்கு, 1855-இல் முதலாம் ஆஸ்கர் மன்னரின் பெயரால் ஆஸ்கர்ஸ்போர்க் என்று பெயரிட்டார்கள்.

தீவுகளின் இருபுறமும் நீர்வழி உண்டு. கிழக்கு வழி ட்ரோபாக் ஊரை ஒட்டிச் செல்கிறது. மேற்கு வழி ஹூரும் கரைக்கும் தீவுகளுக்கும் இடையே செல்கிறது. பகைக் கப்பல் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத கோட்டை தன் பீரங்கிகளை இரண்டாகப் பங்கிட வேண்டியிருக்கும். இந்தச் சிக்கலை நார்வேக்காரர்கள் 1870-களில் தீர்த்துவிட்டார்கள். தீவிலிருந்து ஹூரும் கரை வரை, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி கல்லைக் கொட்டி ஒரு தடுப்பை எழுப்பினார்கள். மீன்பிடிப் படகுக்கு அதனால் தொல்லையில்லை. ஆழமான அடிப்பகுதி கொண்ட போர்க்கப்பலுக்கு அந்த வழி அடைபட்டது. அதன் பிறகு ஓஸ்லோவுக்குப் போக நினைக்கும் எந்தப் பெரிய கப்பலும் கிழக்கு வழியில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்தில், கோட்டையின் முகத்துக்கு முன்னால் வரிசையாகத்தான் போயாக வேண்டும். இந்த நிகழ்வைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாக இடம்பெறுவது இந்தச் சுவர்தான். அன்றைய வெற்றிக்குக் காரணமானவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் முதலில் வைப்பது அதையே. பழைய பீரங்கியின் குறிபார்க்கும் வேகம், பழைய டார்பிடோவின் ஓட்டத் தூரம் ஆகிய குறைகள் எல்லாம் அந்தக் குறுகிய சந்தில் குறைகளாகவே தெரியவில்லை.

பழைய கருவிகள்

தெற்குத் தீவில் இருந்த மூன்று பெரும் பீரங்கிகளும் ஜெர்மனியின் க்ருப் ஆலையில் வார்க்கப்பட்டு 1893-இல் வந்து சேர்ந்தவை. அவற்றுக்கு மோசே, ஆரோன், யோசுவா என்று பெயர். இறக்கும்போது ஒன்று நழுவிக் கடலில் விழுந்ததாகவும், அதை மீட்டு எடுத்ததால் 'நீரிலிருந்து எடுக்கப்பட்டவன்' என்று பொருள்படும் மோசேயின் பெயர் அதற்கு அமைந்ததாகவும் சொல்கிறார்கள். ஒரு குண்டின் எடை 255 கிலோ. பீரங்கிகள் திறந்த வெளியில், முன்புறக் காப்புச் சுவருக்குப் பின்னால் நின்றன. மேலே கூரை கிடையாது. விமானம் என்ற ஒன்று இல்லாத காலத்தில் போட்ட திட்டம் அது. ஒருமுறை சுட்டால் மீண்டும் குண்டேற்ற நல்ல பயிற்சி பெற்ற குழுவுக்கே சில நிமிடங்கள் பிடிக்கும்.

வடக்குத் தீவின் டார்பிடோத் தளம் அதற்குச் சற்றுப் பிந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே பாறையும் செடிகளும் தவிர ஒன்றும் தெரியாது. உள்ளே, குடைவின் தரையில் கிணறுபோல் நீர் நிற்கிறது. டார்பிடோவை இரும்புச் சட்டம் ஒன்றில் ஏற்றி, மின்தூக்கியை இறக்குவதுபோல் அந்த நீருக்குள் இறக்குவார்கள். கடலை நோக்கித் திறக்கும் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், டார்பிடோ புறப்படுவதைக்கூட எதிரி காண முடியாது. இப்படி மூன்று தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக, மறுபடி ஏற்றாமலேயே ஆறு டார்பிடோக்களை ஏவலாம். அவை அட்ரியாட்டிக் கடலோரத்து ஃபியூமே நகரின் வைட்ஹெட் ஆலையில் செய்யப்பட்டவை. 1940-இல் அவற்றுக்கு ஏறத்தாழ நாற்பது வயது. பயிற்சிக்காகப் பலமுறை ஏவி, மிதக்கவிட்டு, மீண்டும் எடுத்துத் துடைத்து வைக்கப்பட்டவை. உண்மையான வெடிமருந்தோடு போனால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எவரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இந்தத் தளம் இருப்பதையே ஜெர்மானிய உளவுத்துறை அறிந்திருக்கவில்லை என்பது இந்த நிகழ்வின் மிக முக்கியமான தகவல்களுள் ஒன்று.

இவை தவிர, ட்ரோபாக் பக்கத்துக் கரையில் கோபோஸ் என்ற இடத்தில் மூன்று 15 சென்டிமீட்டர் பீரங்கிகளும், நீரோரத்தில் ஹூஸ்விக் என்ற இடத்தில் 57 மில்லிமீட்டர் சிறு பீரங்கிகளும் இருந்தன.

ஆள் பற்றாக்குறை

நார்வே அப்போது நடுநிலை நாடு. கோட்டையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல் 2-ஆம் தேதிதான் சேர்ந்த, ஏறத்தாழ 450 புதுச் சிப்பாய்கள். ஒரு வாரப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். கழியில் கண்ணிவெடி வரிசை ஒன்று அமைக்கத் திட்டம் இருந்தது. ஆனால் அது அன்றிரவு வரை விரிக்கப்படவில்லை. பயிற்சி பெற்ற பீரங்கி வீரர்கள் ஒரு பீரங்கிக்கே போதுமானவர்களாக இருந்தார்கள். கோட்டைத் தளபதியான கர்னல் பிர்கர் எரிக்சன் அந்தக் குழுவை இரண்டாகப் பிரித்து, சமையற்காரர்கள் உள்படக் கையில் கிடைத்தவர்களைச் சேர்த்து, இரண்டு பீரங்கிகளில் குண்டேற்றி வைத்தார். மூன்றாவதற்கு ஆள் இல்லை.

எரிக்சனுக்கு அப்போது 64 வயது. ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. டார்பிடோத் தளத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அதன் வழக்கமான அதிகாரி நோய் விடுப்பில் இருந்ததால், ஏற்கெனவே ஓய்வுபெற்று ட்ரோபாக்கில் வாழ்ந்துகொண்டிருந்த ஆண்ட்ரியாஸ் ஆண்டர்சன் என்ற பழைய கடற்படை அதிகாரியை அன்றிரவு படகில் அழைத்து வந்தார்கள். அறுபது வயதைத் தொட்ட அவர் தன் பழைய சீருடையை அணிந்து, தன்னைவிட இருபது வயதே இளைய டார்பிடோக்களுக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு நாட்டின் தலைநகர்க் காவல் இப்படி ஓய்வூதியர்களிடமும் ஒரு வாரச் சிப்பாய்களிடமும் விடப்பட்டிருந்ததைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. நிகழ்வு வெற்றியில் முடிந்ததால் இந்த அலட்சியம் பலர் கண்ணில் படாமலே போகிறது.

சுடும் முடிவு

எரிக்சனுக்கு அன்றிரவு தெரிந்தவை எவை என்பதைத் தனியே எடுத்துப் பார்ப்பது நல்லது. பின்னால் நமக்குத் தெரியவந்தவற்றை அவர் தலையில் ஏற்றிவிட்டால் அவருடைய முடிவின் கனம் புரியாது.

ஏப்ரல் 8-ஆம் தேதி பகலில், ரியோ டி ஜெனீரோ என்ற ஜெர்மானியக் கப்பலை நார்வேயின் தென்கரைக்கு அப்பால் போலந்து நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. கரையேறியவர்களில் சீருடை அணிந்த படையினர் இருந்தார்கள். நார்வேயின் பெர்கன் நகருக்குப் போவதாகச் சொன்னார்கள். அன்றிரவு 11 மணியளவில் கழியின் வாயிலில் காவல் இருந்த போல் 3 என்ற சிறு படகு, இருட்டில் வரும் போர்க்கப்பல்களைக் கண்டு எச்சரிக்கை கொடுத்தது. அதன் தலைவர் லைஃப் வெல்டிங் ஓல்சன் அந்த மோதலில் உயிரிழந்தார். அந்தப் படையெடுப்பில் மாண்ட முதல் நார்வேக்காரர் அவரே. வெளிக்கோட்டைகளில் ஒன்றான ரவோய் எச்சரிக்கையாகச் சுட்டது. மூடுபனியில் கப்பல்கள் நிற்காமல் உள்ளே போய்விட்டன. கழியின் கலங்கரை விளக்கங்களை அணைக்க உத்தரவு பிறந்தது. வருபவை எந்த நாட்டுக் கப்பல்கள் என்ற கேள்விக்கு மட்டும் திட்டவட்டமான பதில் எரிக்சனுக்குக் கிடைக்கவில்லை.

நடுநிலைக் காவல் விதிகளின்படி, அத்துமீறும் அந்நியப் போர்க்கப்பலுக்கு முதலில் எச்சரிக்கைக் குண்டு, அதற்கும் நிற்காவிட்டால்தான் நேரடித் தாக்குதல். அந்த வரிசையை எரிக்சன் பின்பற்றவில்லை. இதற்கு இரண்டு காரணங்களைக் காண முடிகிறது. வெளிக்கோட்டைகள் ஏற்கெனவே சுட்டும் கப்பல்கள் நிற்கவில்லை என்பதால், எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது என்று கொள்ள இடமிருந்தது. இரண்டாவது, கைக்கணக்கு: ஆள் பலத்தின்படி அவரிடம் இருந்தது இரண்டு குண்டு, மறுபடி ஏற்றுவதற்குள் கப்பல் கடந்துவிடும். எச்சரிக்கைக்கு ஒன்றைச் செலவழித்தால் மிஞ்சுவது ஒன்று. விதியை எழுதியவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். தனக்குப் பதக்கம் கிடைக்கும், இல்லையேல் இராணுவ நீதிமன்றம் கிடைக்கும் என்ற பொருளில் அவர் சொல்லிவிட்டுச் சுட ஆணையிட்டதாக நார்வேயில் இன்றும் சொல்கிறார்கள். அவர் தன் நிலையை எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார் என்பதற்கு அந்தச் சொல் பொருத்தமான சாட்சி.

பத்து நிமிடங்கள்

எதிரே வந்த அணியின் தலைமைக் கப்பலான ப்ளூஷர் 1939 செப்டம்பரில்தான் சேவையில் சேர்க்கப்பட்டது. 200 மீட்டருக்கும் அதிக நீளமும் எட்டு 20.3 சென்டிமீட்டர் பீரங்கிகளும் கொண்டது. அதன் பின்னால் லூட்சோ, எம்டன் ஆகிய கப்பல்களும் சிறு கப்பல்களும் வந்தன. எம்டன் என்ற பெயருக்குத் தமிழில் அறிமுகம் தேவையில்லை. 1914-இல் சென்னையைச் சுட்டுத் தமிழுக்கு ஒரு சொல்லையே விட்டுச்சென்ற கப்பலின் பெயரைத் தாங்கிய பிற்காலக் கப்பல் இது. ப்ளூஷரில் அணித்தலைவர் குமெட்ஸ், 163-ஆம் படைப்பிரிவின் தளபதி எங்கெல்பிரெக்ட், ஓஸ்லோவில் நிர்வாகத்தை ஏற்கப் போகும் அலுவலர்கள், நூற்றுக்கணக்கான படைவீரர்கள் என எல்லோரும் இருந்தார்கள். படையினரின் வெடிபொருள்கள் மேல்தளத்திலும் வைக்கப்பட்டிருந்தன. நார்வே எதிர்க்காது, எச்சரிக்கைக்குமேல் போகாது என்ற எதிர்பார்ப்பு அந்த ஏற்பாட்டிலேயே தெரிகிறது. சண்டைக்குப் போகும் கப்பலில் தலைமை அலுவலகத்தை ஏற்றி, அதையே வரிசையின் முன்னால் அனுப்பமாட்டார்கள்.

இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் முதல் குண்டு பட்டது. இரண்டாவதும் தவறவில்லை. கப்பலின் மேற்கட்டுமானம் சிதைந்தது. விமான எரிபொருளும் மேல்தள வெடிபொருளும் பற்றிக்கொண்டன. கோபோஸும் ஹூஸ்விக்கும் அடுத்தடுத்துச் சுட்டதில், சுக்கான் கட்டுப்பாடும் பாதிக்கப்பட்டது. எரிந்தபடியே கப்பல் வடக்கே நகர்ந்தது. அதில் இருந்தவர்கள் ஜெர்மானிய தேசியப் பாடலைப் பாடுவது கரையில் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. தாங்கள் சுட்டது யாரை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

பீரங்கிகளின் பங்கு இத்தோடு முடிந்தது. இந்த இடத்தில் ப்ளூஷர் மூழ்கும் கப்பல் அல்ல, எரியும் கப்பல். பீரங்கி எல்லையைத் தாண்டிவிட்ட கப்பலும்கூட. தீயை அடக்க முடிந்திருந்தால் ஓஸ்லோ துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் வாய்ப்பும் இருந்தது. ஆனால் அது வடக்குக் காஹோல்மனைக் கடக்க வேண்டியிருந்தது. ஆண்டர்சன் பாறைக் குடைவின் காட்சிப் பிளவு வழியாகத் தீ வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்த இலக்கைப் பார்த்து டார்பிடோக்களை ஏவினார், இரண்டு பட்டன. நாற்பது ஆண்டுகளாகத் துடைத்து வைக்கப்பட்டவை, வேலை வந்த ஒரே நாளில் வேலை செய்தன. இயந்திரங்கள் நின்று, கப்பல் சற்று வடக்கே நங்கூரமிட்டது. பிறகு உள்ளே தீ ஒரு வெடிமருந்து அறையை எட்டியது. அறையின் வெடிப்பு உட்சுவர்களைக் கிழிக்க, நீர் பரவி, கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. நீரின் மேல் பரவிய எண்ணெயும் எரிந்தது. இறந்தோர் எண்ணிக்கை 600 முதல் 1000 வரை பலவாறாகக் கூறப்படுகிறது. கரைக்குச் சில நூறு மீட்டரே இருந்தும் ஏப்ரல் மாதத்து நீரின் குளிர் பலரைக் கொன்றது. குமெட்ஸும் எங்கெல்பிரெக்ட்டும் தப்பினார்கள். கப்பலின் தலைவர் ஹைன்ரிக் வோல்டாக்கும் தப்பினார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 16 அன்று, விமான விபத்தில் இறந்தார்.

பின்னால் வந்த லூட்சோ கோபோஸிலிருந்து மூன்று குண்டடி பட்டுத் திரும்பியது. டார்பிடோத் தளத்தைப் பற்றித் தெரியாத அதன் தலைவர், முன்னால் போன கப்பல் கண்ணிவெடியில் சிக்கியதாகவே எண்ணினார். விரிக்கப்படாத கண்ணிவெடி வரிசை இப்படியாகத் தன் வேலையைச் செய்தது. அணி தெற்கே பின்வாங்கி, படைகளைத் தரையில் இறக்கி, நிலவழியாக நடக்கவிட்டது.

கிடைத்த நேரமும் கோட்டையின் முடிவும்

ஜெர்மானியத் தூதர் குர்ட் பிராய்யர் அதே அதிகாலையில் ஓஸ்லோவில் நார்வே வெளியுறவு அமைச்சர் ஹால்வ்தான் கூட்டிடம் சரணடையும் கோரிக்கையைக் கொடுத்தார். அரசு மறுத்தது. திட்டப்படி நடந்திருந்தால் அந்த மறுப்பைக் கேட்கும் முன்பே படை துறைமுகத்தில் இறங்கியிருக்கும். அது நடக்காததால், 7.23 மணிக்கு ஹோகன் மன்னரையும் அவர் குடும்பத்தையும் அரசையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் ஹாமர் நகருக்குப் புறப்பட்டது. நார்வே வங்கியின் ஏறத்தாழ 50 டன் தங்கமும் லாரிகளில் ஏறி வெளியேறியது. அன்று மாலை எல்வெரும் ஊரில் கூடிய நாடாளுமன்றம், கூட முடியாத காலத்தில் நாட்டை நடத்தும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தது. ஜூன் மாதம் அந்த அரசு லண்டனுக்குப் போனபோது, ஆயிரத்துக்கும் அதிகமான நார்வே வணிகக் கப்பல்கள் அதன் பொறுப்பில் நேச நாடுகளுக்காக ஓடின.

ஆனால் ஓஸ்லோ அன்றே விழுந்தது. ஃபோர்னெபு விமான நிலையத்தில் இறங்கிய சிறு படை பிற்பகலில் நகருக்குள் நடந்து வந்தது. ஆஸ்கர்ஸ்போர்க்கின் மேல் பகல் முழுவதும் விமானங்கள் குண்டு வீசின. கூரையில்லாத பீரங்கிகளால் மேலே பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. தலைநகர் போன பின், கரையில் இறங்கிய படை நெருங்கிவரும் நிலையில், ஏப்ரல் 10 காலையில் எரிக்சன் கோட்டையை ஒப்படைத்தார். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை: கோட்டை காக்க வேண்டிய நகரம் முதுகுப்புறமாக விழுந்துவிட்டது, மீண்டும் அந்தக் குறுகலைக் கடக்க முயலும் கப்பலும் இல்லை. நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏப்ரல் 8-ஆம் தேதி பகலிலேயே கண்ணிவெடிகளை விரிக்கவும் பழகிய வீரர்களைத் திரும்ப அழைக்கவும் மேலிடம் ஏன் ஆணையிடவில்லை? அதற்குக் கோட்டைத் தளபதி பொறுப்பாக மாட்டார். போருக்குப் பின் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான வாளுடன் கூடிய போர்ச்சிலுவை வழங்கப்பட்டது. 1958-இல் அவர் காலமானார்.

ப்ளூஷர் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் தொட்டிகளிலிருந்து எண்ணெய் கசிந்ததால், 1994-இல் ஏறத்தாழ 1000 டன் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். தீவு இப்போது அருங்காட்சியகம். மோசே, ஆரோன், யோசுவா மூன்றும் பழைய இடத்தில் கழியைப் பார்த்தபடி நிற்கின்றன, பார்க்க வருபவர்கள் அவற்றின் அருகில்தான் படமெடுத்துக்கொள்கிறார்கள். நார்வேக் கடற்படை போருக்குப் பின் எதைக் காட்சிப்பொருளாக்கியது, எதைத் தொடர்ந்து பயன்பாட்டில் வைத்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வடக்குக் காஹோல்மனின் பாறைக் குடைவில் இருந்த டார்பிடோத் தளத்தை அவர்கள் 1993 வரை சேவையிலிருந்து விலக்கவில்லை.